எர்த் பட்டைக்கு அடியில்

பாப்பாரப்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு கார்த்திகை மாதத்துக் காலை. பனி இன்னும் விலகவில்லை. முதல் டிரிப் பஸ்ஸை ஆட்கள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். கத்தரிக்காய்க் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தவர்கள், மொரப்பூரில் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள், கழுத்தில் மஃப்ளர் சுற்றிய வாத்தியார் ஒருவர் என்று ஆளுக்கொரு கை கொடுத்தார்கள். வண்டி கொஞ்ச தூரம் உருண்டு, ஒரு குலுங்கு குலுங்கி, மறுபடியும் நின்றது.

நானும்தான் தள்ளினேன். முந்தின நாள் மச்சினி வீட்டில் ஞானஸ்நான விருந்து. இரவு அங்கேயே தங்கிவிட்டுத் தருமபுரிக்குத் திரும்ப அந்த பஸ்ஸை நம்பி நின்றவன். பஸ், லாரிகளுக்கு வயரிங் வேலை பார்த்துப் பிழைக்கிற ஆள், சார்ஜ் இல்லாத பஸ்ஸைப் பொதுஜனத்தோடு சேர்ந்து தள்ளினால் எப்படி இருக்கும்? அந்தக் கூட்டத்தில் யாருக்கும் என்னைத் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

ஆனால் முதலாளிக்குத் தெரியும். பொன்னுசாமி முதலாளிக்கு அந்த ஒரே பஸ்தான். உள்ளூர்க்காரர். ஒரு காலத்தில் லாரி ஓட்டிக் கைக்காசு சேர்த்து வண்டி வாங்கியவர். அவர் டீக்கடைப் பக்கமிருந்து வேகமாக வந்தார். வந்தவர் நேராக டிரைவர் ஜன்னலுக்குக் கீழே நின்றார்.

"கீழ எறங்கு மாதையா."

மாதையன் இறங்கினான். அந்த பஸ்ஸை வாங்கின நாள் முதல் ஓட்டுகிறவன் அவன்தான். ராத்திரி வண்டி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது காவலுக்கு உள்ளேயே படுத்துக்கொள்வதும் அவன்தான்.

"ராத்திரி பூரா உள்ள லைட்டப் போட்டுக்கிட்டுச் சீட்டாடுனா பேட்டரி எப்பிடிடா நிக்கும்? டைனமோ நல்லா இருக்குதுன்னு எலெக்ட்ரீசியனே சொல்லிட்டான். அப்புறம் சார்ஜெல்லாம் எங்க போவுது?"

"நான் சீட்டாடறதில்லீங்க."

"சீட்டாடி எவன்டா ஒத்துக்குவான்? சாவியக் குடு."

கூட்டம் வேடிக்கை பார்த்தது. மாதையன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து முதலாளியின் கையில் வைத்தான். கத்தவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. போகிற போக்கில் ஒன்று சொன்னான்.

"செல்ஃப் ரொம்ப நேரம் அடிச்சா ஸ்டாப்பர் கம்பி சுடுதுங்க. அத மட்டும் பாத்துக்கோங்க."

"கம்பி சுடுதாம். எங்கிட்டயே கத சொல்றான் பாரு" என்றார் முதலாளி. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மாதையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான். முதலாளியே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். அடுத்த தள்ளில் வண்டி கிளம்பிவிட்டது.

நான் கொடுத்த நற்சான்று

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. 'எலெக்ட்ரீசியனே சொல்லிட்டான்' என்றாரே, அந்த எலெக்ட்ரீசியன் சாட்சாத் நான்தான்.

தீபாவளி முடிந்த கையோடு அந்த வண்டி என் கடைக்கு வந்திருந்தது. பேட்டரி நிற்கவில்லை என்றார்கள். பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன், விறைப்பாக இருந்தது. பிரஷ் தேயவில்லை. எஞ்சினை ஓடவிட்டு டைனமோ முனையிலேயே மீட்டர் வைத்தேன், முள் தாராளமாக ஏறியது. பேட்டரிகளைக் கழற்றிச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்து, "டைனமோ சுத்தத் தங்கமுங்க" என்று சொல்லி அனுப்பினேன். சொன்னது அட்சர சுத்தமான உண்மை. மிஷினுக்கு நான் கொடுத்த நற்சான்று ஒரு மனுஷன் தலையில் குற்றமாக விழும் என்று யார் கண்டது?

மாதையனை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். வண்டியை என் கடையில் விட்டால் மற்ற டிரைவர்கள் சினிமாவுக்குப் போவார்கள். இவன் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி டயரைக் கழுவிக்கொண்டிருப்பான். கடையில் பொழுதுபோகாமல் நாங்கள் சீட்டுப் போட்டபோது, கையில் கொடுத்த சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முழித்தவன் அவன். அவனைப் போய்ச் சீட்டாடி என்றால் எப்படி வயிறு எரியாமல் இருக்கும்?

தொப்பூரில் மங்கிய விளக்குகள்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இதில் டைனமோ, டைனமோ என்று எழுதுகிறேனே, அந்த பஸ்ஸில் இருந்தது டைனமோவே இல்லை. ஆல்டர்னேட்டர். எங்கள் ஊரில் இன்றைக்கும் பாதிப் பேருக்கு இரண்டும் டைனமோதான்.

அறுபதுகளில் நான் தொப்பூர் கணவாய்க்கு அடியில் ஒரு ஓட்டல் பக்கத்துக் கொட்டகையில் வேலை பார்த்தேன். போன வாரம் எழுதியிருந்தேனே, குரங்குகள் டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அதே கொட்டகைதான். அப்போது எல்லாம் டைனமோ காலம். எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் அது கரெண்ட் கொடுக்கும். கணவாயில் லோடு லாரி முதல் கியரில் முக்கி முக்கி ஏறும்போது ஹெட்லைட் எண்ணெய் தீர்ந்த காடாவிளக்காகச் சிவந்துவிடும். முன்னால் போகிற லாரியின் பின்புறத்தைப் பார்த்துத்தான் பாதிப் பேர் மேலேறுவார்கள்.

மேலிருந்து இறங்கி வருகிறவர்கள் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது, "அந்தக் கட்-அவுட்ட ஒரு பார்வ பாத்துடப்பா" என்பார்கள். டைனமோவிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜைத் திறந்து மூடுகிற சின்னப் பெட்டி அது. அவர்கள் கை கழுவுவதற்குள் நான் அதன் பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து முடித்துவிடுவேன். கருகின வார்னிஷ் வாசனையும் ஓட்டல் குழம்பு வாசனையும் கலந்து அடிக்கும். அந்த வாசனை இப்போது எங்கேயாவது வந்தாலும் எனக்குப் பசி எடுக்கிறது. என் மனைவி இதை நம்புவதில்லை.

எழுபதுகள் பாதி தாண்டியபோது ஆல்டர்னேட்டர் வந்தது. எஞ்சின் மெதுவாக ஓடினாலும் கரெண்ட் கொடுக்கும் என்றார்கள். புது மருமகளைப் பார்ப்பதுபோல் எல்லோரும் அதைச் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். பேட்டரி இறங்கினால் முதல் பழி அதன்மேல் விழும். அதன்மேல் பழி இல்லை என்றால் டிரைவர்மேல். நடுவில் ஒரு வண்டி நிறைய வயரும் போல்ட்டும் இரும்பும் இருப்பது முதலாளிகளுக்கு ஞாபகமே வராது.

பொன்னுசாமி முதலாளி தைரியசாலி. எங்கள் பக்கத்து பஸ்களில் முதலில் ஆல்டர்னேட்டர் மாட்டச் சொன்னவர்களில் அவர் ஒருவர். அந்த வருஷம் ஆவணியில் நான்தான் மாட்டிக் கொடுத்தேன்.

கம்பி ஏன் சுட வேண்டும்?

அந்தக் காலை பஸ்ஸில் நான் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தேன்.  எஞ்சின் மூடியின் சூடு முழங்காலில் இதமாகப் பட்டது. இண்டூர் தாண்டும் வரைக்கும் கோபம்தான் இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கம்பி என் மண்டைக்குள் புகுந்துவிட்டது.

ஸ்டாப்பர் கம்பி என்பது டீசல் எஞ்சினை அணைக்க டிரைவர் இழுக்கிற கம்பி. ஒரு முனை அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும், மறுமுனை எஞ்சினில் டீசல் பம்ப்பில் இருக்கும். அதற்கும் கரெண்டுக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. அது ஏன் சுட வேண்டும்? பொய் சொல்ல நினைக்கிறவன் இப்படி யாரும் நம்பாத பொய்யையா சொல்லுவான்?

படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. வண்டியில் கரெண்ட் போவதற்குத்தான் வயர். திரும்பி வருவது வண்டியின் இரும்பு வழியாக. எஞ்சின் ரப்பர் மெத்தைமேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் அடிச்சட்டமான சேசிஸுக்கும் நடுவே பின்னல் போட்ட செம்புப் பட்டை ஒன்றை போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். அதற்கு எர்த் பட்டை என்று பேர். ஆல்டர்னேட்டர் சார்ஜும், எஞ்சினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாரின் கரெண்டும் அதன் வழியாகத்தான் வந்து போக வேண்டும். அந்த வழி அடைபட்டால் கரெண்ட் கிடைத்த சந்தில் புகுந்து வரும். கிடைத்த சந்து ஒல்லியான கம்பியாக இருந்தால் கம்பி சுடும்.

தருமபுரி வந்ததும், "முதலாளி, மொரப்பூர் டிரிப் முடிச்சுட்டு வண்டிய அணைக்காம எங்கடைக்குக் கொண்டாங்க" என்றேன்.

"நீதான் பாத்துட்டியே?"

"டைனமோவப் பாத்தனுங்க. வண்டியப் பாக்கல."

முறைத்தார். ஆனால் மத்தியானம் வண்டி வந்தது.

புளி போட்டு விளக்கிய செம்பு

எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டாப்பரை இழுத்துப் பிடித்தபடியே அவரைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். மோட்டார் முனகியது. கொஞ்ச நேரத்தில் என் விரலைக் கம்பி சுட்டது. கையை உதறினேன். முதலாளியையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டார். விரலைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்து மீட்டரின் ஒரு முனையை எஞ்சின்மேலும் இன்னொன்றைச் சேசிஸ்மேலும் வைத்தேன். பட்டை சரியாக இருந்தால் முள் அசையவே கூடாது. செல்ஃப் அடித்ததும் துள்ளி ஏறியது. கடையில் கிடந்த தடித்த பேட்டரி கேபிளை எடுத்து எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே பாலம் கொடுத்தேன். "இப்ப அடிங்க" என்றேன். அடித்தார். மோட்டார் ஒரே மூச்சில் சுற்றி எஞ்சின் பற்றிக்கொண்டது. பேட்டரி முனையில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், சார்ஜ் கொட்டியது.

ஆக, கோளாறு அந்தப் பட்டையில்தான். ஆனால் பட்டையைப் பார்த்தால் நம்ப முடியவில்லை. பளபளவென்று இருந்தது. பஸ்ஸுக்கு அடியில் இருக்கிற எதுவும் அப்படிப் பளபளக்கக் கூடாது. முன்பு வந்தபோதும் அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான் அதைத் தாண்டிப் போயிருந்தேன்.

எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு அடியில் படுத்தேன். எஞ்சின் பக்கத்துப் போல்ட் சுத்தமாக இருந்தது. சேசிஸ் பக்கத்துப் போல்ட்டைக் கழற்றிப் பட்டையை விலக்கினேன். அடியில், நான் ஆவணியில் தேய்த்து மினுக்கிவிட்ட இரும்பில், வட்டமாகக் காய்ந்து இறுகிய சந்தனம். அதன் நடுவில் குங்குமம். சுற்றி, ஐப்பசி மழையில் ஊறிய துரு.

ஆயுத பூஜைப் பொட்டு.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, ஸ்டியரிங், எஞ்சின், பேட்டரி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். பொன்னுசாமி முதலாளி ஒரு படி மேலே. செம்பு என்று கண்டால் அதைக் கழற்றிப் பூஜைச் சாமானோடு சேர்த்துப் புளி போட்டு விளக்கி மாட்டுகிறவர். இந்தப் பட்டையையும் விளக்கியிருக்கிறார். மாட்டும் முன் அது உட்காருகிற இடத்துக்கும் ஒரு பொட்டு வைத்து, மேலே பட்டையை வைத்து முடுக்கிவிட்டிருக்கிறார். ஈரமாக இருந்தவரை ஓடியது. காயக் காய வழி அடைத்தது.

நான் அடியிலேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். வேலை முடியாததால் இல்லை. வெளியே வந்து எப்படிச் சொல்வது என்று தெரியாததால். நான் வேதக்காரன். அவர் நெற்றியில் அன்றைய சந்தனம் கூட இன்னும் அழியவில்லை. 'உங்கள் பூஜைதான் முதலாளி கோளாறு' என்று நான் சொன்னால் அது வேறு மாதிரிப் போய் விழும். சொல்லாமல் துடைத்து மாட்டிவிடலாம், வண்டி ஓடும். ஆனால் மாதையன் சீட்டாடியாகவே இருந்துவிடுவான்.

வெளியே வந்து டார்ச் லைட்டை அவர் கையில் கொடுத்தேன்.

"நீங்களே பாருங்க முதலாளி."

வெள்ளை வேட்டியோடு அவர் அடியில் நுழைந்தார்.  பிறகு, "இது நான் வச்சதுப்பா" என்று குரல் வந்தது.

"ஆமாங்க."

"சாமிக்கு வச்சது."

"வச்சது தப்பில்லீங்க. பட்டைக்கு மேல வச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

துடைப்பது யார் என்று ஒரு கேள்வி இருந்தது. நான் உப்புத்தாளை எடுக்கவில்லை. அவரே தோள்துண்டின் முனையால் அந்தப் பொட்டைப் பொருக்காகச் சுரண்டி எடுத்து, மண்ணில் விழாமல் துண்டிலேயே முடிந்துகொண்டு வெளியே வந்தார். அதன் பிறகுதான் நான் உள்ளே போய் இரும்பு தெரியும்வரை தேய்த்துப் பட்டையை முடுக்கினேன்.

மாதையன் வீட்டில்

சாயங்கால டிரிப்பில் முதலாளி என்னையும் ஏற்றிக்கொண்டார். "நீ வாப்பா. எனக்கு இந்த டெக்னிக் எல்லாம் சொல்ல வராது" என்றார். வராதது டெக்னிக் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மாதையனின் மனைவி சின்னபாப்பா வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே மாதையன் ஒரு பையில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். பெங்களூரில் லாரிக்கு ஆள் கேட்கிறார்களாம், மறுநாள் கிளம்புவதாக இருந்தான். எங்களைப் பார்த்ததும் இரண்டு ஸ்டூலைப் போட்டான்.

முதலாளி உட்காரவில்லை. "கோளாறு கண்டுபுடிச்சாச்சு. எர்த்துப் பட்டைக்கு அடியில பொட்டு. நான் வச்சது. உம்மேல ஒண்ணும் இல்ல" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுச் சாவியை நீட்டினார்.

"சேசிஸ் பக்கத்துலயா, எஞ்சின் பக்கத்துலயா?" என்று என்னைக் கேட்டான் மாதையன்.

"சேசிஸ் பக்கம்."

"அதான் கம்பி சுட்டுருக்குது" என்றான். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கையை நீட்டினான்.

"இருங்க" என்றாள் சின்னபாப்பா. முறத்தைக் கீழே வைத்துவிட்டு நிலைப்படியில் வந்து நின்றாள். "மொதலாளி, வூட்டுக்கு வந்து சொன்னீங்க, சந்தோசம். ஆனா சீட்டாடின்னு நீங்க சொன்னது பஸ் ஸ்டாண்டுலங்க. எம்பொண்ணுக்கு மாப்பிள்ள பாத்துட்டிருக்கறோம். வரவங்க வூட்டுல வந்து விசாரிக்க மாட்டாங்க. பஸ் ஸ்டாண்டுலதான் விசாரிப்பாங்க."

குரலை அவள் உயர்த்தவே இல்லை. மாதையன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். முதலாளி சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"காலைல வண்டிக்கு வா" என்று மாதையனிடம் சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.  ஊரில் நாலு பேர் எழுந்து நின்று கும்பிடுகிற மனுஷன். பஸ் ஸ்டாண்டில் நின்று அவர் தப்பை ஒத்துக்கொள்வார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

மறுநாள்

மச்சினி வீட்டில் என்னை மறுபடியும் பார்த்ததும், விருந்து மிச்சம் இல்லை என்றார்கள். காலையில் சீக்கிரமே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன்.

அதே கூட்டம்தான். கூடைகள், மூட்டைகள், மஃப்ளர் வாத்தியார். தள்ள வேண்டியிருக்கும் என்று வேட்டியை இப்போதே மடித்துக் கட்டிக்கொண்டவர்களும் இருந்தார்கள். டீக்கடைத் தட்டி ஓரம் சின்னபாப்பா முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். மாதையன் டயரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலாளி குளித்துவிட்டு வந்தார். மாதையனிடம் போய்ச் சாவியைக் கொடுத்தார். அவன் ஏறி உட்கார்ந்தான். அவர் படிக்கட்டின் பக்கத்தில் நின்றுகொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க" என்றார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கூட நிறுத்தினார்.

"நேத்து இதே எடத்துல மாதையனச் சீட்டாடின்னு சொன்னேன். அது தப்பு. அவன் சீட்டத் தொட்டவன் இல்ல. பேட்டரி எறங்குனதுக்கும் அவனுக்கும் சம்பந்தமே கெடையாது."

அவர் காது மடல் சிவந்திருந்தது. பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. தட்டி ஓரம் நின்ற சின்னபாப்பா முக்காட்டைத் தளர்த்திக்கொண்டு, அவ்வளவு போதும் என்பதுபோல் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"தப்பு யாருதுன்னா" என்று முதலாளி ஆரம்பித்தார், "ஆயுத பூஜ அன்னிக்கு நான்..."

மாதையன் செல்ஃபை அழுத்தினான்.

தொட்ட மாத்திரத்தில் எஞ்சின் பற்றிக்கொண்டது. பஸ் ஸ்டாண்டே அதிர்ந்தது. முதலாளியின் வாய் அசைவது தெரிந்தது, கை அசைவது தெரிந்தது, என்ன சொன்னார் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை. நல்ல சார்ஜில் இருக்கிற வண்டி, பனிக் காலையாகவே இருந்தாலும் அத்தனை ஆக்சிலேட்டர் அதற்குத் தேவையில்லை. மாதையன் நேராக ரோட்டைப் பார்த்தபடி, முதலாளி பேசி முடிக்கிறவரைக்கும் மிதித்த காலை எடுக்கவே இல்லை.